மழையைக் கேட்டுப் புறப்படுங்கள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வீட்டில் எழுகிற முதல் கேள்வி, "இந்த லீவுக்கு எங்கே போகலாம்?" என்பதுதான். மாமா மும்பையில் இருந்தால் மும்பை. சித்தி சென்னையில் இருந்தால் சென்னை. ஊர் முடிவானதும் ரயில் டிக்கெட் கிடைக்குமா என்று பார்க்கிறோம். கிடைத்துவிட்டால் பயணம் உறுதியாகிவிடுகிறது. எங்கே என்று கேட்கிற நாம், எப்போது போனால் நல்லது என்று கேட்பதே இல்லை. விடுமுறை எப்போதோ அப்போது என்று விட்டுவிடுகிறோம்.

இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. வெப்பமண்டல நகரம் ஒன்றுக்குப் பயணம் போகிறவர், ரயில் கால அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்பு அந்த நகரத்தின் மழை அட்டவணையைப் பார்க்க வேண்டும். நம்மில் பலருடைய குடும்பங்களுக்கு வெளியூர்ப் பயணம் என்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சிறுகச் சேர்த்த பணத்தில் நடக்கிற காரியம். அந்தப் பயணம் கொதிக்கும் பிற்பகல்களிலோ, முழங்கால் அளவுத் தண்ணீரிலோ வீணாகிவிடக்கூடாது. அதைத் தடுக்கப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. பள்ளியில் நீங்கள் படிக்கும் பௌதிகமும் புவியியலும் போதும்.

நமக்கு எத்தனை பருவங்கள்?

வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று நான்கு பருவங்களை ஆங்கிலப் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். அவை வெப்பநிலையை வைத்துப் பிரித்தவை. ஐரோப்பாவுக்கு அவை பொருந்தும். அங்கே சனவரிக்கும் ஜூலைக்கும் இடையே வெப்பநிலை பெரிதும் மாறுகிறது. மழையோ பல இடங்களில் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்கிறது.

நம் பகுதியில் நிலைமை நேர்மாறானது. சென்னையிலும் மும்பையிலும் மிகவும் குளிர்ந்த மாதத்தில்கூடச் சராசரி வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே போவதில்லை. மழைதான் மாதத்துக்கு மாதம் தலைகீழாக மாறுகிறது. சில மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. சில மாதங்களில் ஒரு சொட்டும் விழுவதில்லை. நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தபோது அவற்றில் கார், கூதிர் என்ற இரண்டை மழைக்கென்றே ஒதுக்கியதும் இதனால்தான்.

விளாதிமிர் கோப்பன் என்னும் காலநிலை அறிஞர், 1884-ஆம் ஆண்டு தொடங்கிப் பல பத்தாண்டுகள் உழைத்து உலகக் காலநிலைகளை வகைப்படுத்தினார். மிகவும் குளிர்ந்த மாதத்திலும் சராசரி 18 டிகிரிக்குக் குறையாத இடங்களை வெப்பமண்டல வகை என்றார். அவற்றுள் ஆண்டின் ஒரு பகுதி நல்ல மழையும் ஒரு பகுதி தெளிவான வறட்சியும் கொண்ட இடங்களைத் தனியே பிரித்தார். இதை ஈர-உலர் காலநிலை எனலாம். மும்பை, கொல்கத்தா, பாங்காக், ஆஸ்திரேலியாவின் டார்வின் ஆகிய நகரங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. சென்னையும் இதே குடும்பம்தான். ஆனால் அதன் வறண்ட காலம் கோடையில் வருவதால் கோப்பன் முறையில் அதற்கு வேறு குறியெழுத்து உண்டு.

இங்கே பருவத்தை முடிவு செய்வது மழையே என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். மும்பை ஏறத்தாழ 19 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. ஆண்டுக்கு இருமுறை, மே மாத நடுவிலும் ஜூலை மாதக் கடைசியிலும், நண்பகல் சூரியன் அந்நகரின் தலைக்கு நேர் மேலே வருகிறது. இரண்டு நாட்களிலும் நேராக நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. சூரியன் நிற்கும் கோணத்தை மட்டும் பார்த்தால் இரண்டு நாட்களும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும் அல்லவா? உண்மையில் மே மாதப் பகல் வெப்பநிலை 33, 34 டிகிரியைத் தொடுகிறது. ஜூலையிலோ 30 டிகிரியை ஒட்டி நின்றுவிடுகிறது. ஜூலையில் சூரியன் தலைக்கு மேலே இருந்தும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நடுவே கருமேகம் கூரை போட்டிருக்கிறது. "கோடையா, குளிர்காலமா?" என்று கேட்டால் மும்பை பதில் சொல்லாது. "மழையா, வெயிலா?" என்று கேட்டால்தான் சொல்லும்.

ஒரே வகை, இரண்டு நகரங்கள்

இப்போது சென்னையையும் மும்பையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நீண்ட காலச் சராசரியை முழு எண்களாக்கித் தந்திருக்கிறேன்.

சனவரி முதல் மே வரை: சென்னை சுமார் 10 செ.மீ.; மும்பை சுமார் 1 அல்லது 2 செ.மீ.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: சென்னை சுமார் 45 செ.மீ.; மும்பை சுமார் 230 செ.மீ.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: சென்னை சுமார் 85 செ.மீ.; மும்பை சுமார் 10 செ.மீ.

மூன்று வரிகள்தாம். ஆனால் ஒரு பயண வழிகாட்டி நூலுக்கு ஈடானவை. மும்பையின் ஆண்டு மழையில் மிகப் பெரும் பகுதி நான்கே மாதங்களில் விழுகிறது. ஜூலை மாதத்தில் மட்டும் அங்கே பெய்யும் மழை, சென்னையின் வடகிழக்குப் பருவமழை முழுவதற்கும் ஏறத்தாழச் சமம். நவம்பரில் சென்னை குடை பிடிக்கும்போது மும்பை குடையை மடித்துப் பரணில் போட்டிருக்கும்.

ஏன் இந்த வேறுபாடு? காற்று வரும் திசையும், வழியில் நிற்கும் மலையுமே காரணம். கோடையில் ஆசிய நிலப்பரப்பு கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நீரின் தன்வெப்பம் மண்ணைவிட மிக அதிகம் என்று படித்திருக்கிறீர்கள். நிலத்தின் மேல் காற்றழுத்தம் குறைய, அரபிக்கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே பாய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதைத் தடுத்து மேலே ஏற்றுகிறது. மேலே ஏறிய காற்று விரிந்து குளிர்கிறது. அதில் உள்ள நீராவி நீர்த்துளிகளாகிறது. மலைக்கு மேற்கே உள்ள மும்பை நனைகிறது. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிடுவதால் கிழக்கே உள்ள சென்னைக்கு மிச்சம்தான் கிடைக்கிறது. பகல் வெயிலில் சூடான நிலத்தின் மேல் மாலையில் எழும் இடிமேகங்களே அம்மாதங்களில் சென்னைக்கு மழை தருபவை.

அக்டோபரில் சூரியன் தெற்கே நகர, ஆசிய நிலம் குளிர்கிறது. காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசுகிறது. மும்பைக்கு அது நிலத்தைக் கடந்து வரும் வறண்ட காற்று. சென்னைக்கோ வங்கக் கடலைக் கடந்து, வழியெல்லாம் நீராவியைச் சேர்த்துக்கொண்டு வரும் காற்று. "ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்று நம் பாட்டிமார் சொல்வது தமிழகக் கிழக்குக் கடற்கரைக்கு முற்றிலும் பொருந்தும். மும்பைக்குப் போய் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

மே மாத வியர்வை

"மழையே இல்லாத மே மாதம்தான் ஊர் சுற்ற வசதி, நனைய வேண்டாம், ரயில் நிற்காது" என்று சொல்பவர்கள் உண்டு. மழை இல்லை என்பது சரி. ஆனால் நம் உடம்பும் ஒரு வெப்ப எந்திரம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நடந்து ஊர் சுற்றும் ஒருவரின் உடல், நொடிக்குச் சுமார் 300 ஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது ஏறத்தாழ 11 லட்சம் ஜூல் ஆகிறது. இவ்வளவையும் உடல் வெளியே தள்ளியாக வேண்டும். சுற்றிலும் உள்ள காற்று நம் தோலைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானே வெளியேறும். சென்னையின் மே மாதப் பகலில் காற்றே 37, 38 டிகிரியில் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மே கடைசியில் அது 45 டிகிரியைத் தொட்டது. அப்போது நமக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வைதான். ஒரு கிலோ வியர்வை ஆவியாவதற்குச் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே மேலே சொன்ன 11 லட்சம் ஜூலை வெளியேற்ற, மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். வெயில் நேரடியாக மேலே விழுந்தால் இதைவிட அதிகம்.

"ஆவியாக வேண்டும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வியர்வை சிந்தினால் மட்டும் போதாது. கடற்கரை நகரங்களில் காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருக்கிறது. அங்கே வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. அப்படி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நீரையும் உப்பையும் இழப்பதுதான் மிச்சம். மே மாத மும்பையில் வெப்பமானி காட்டுவது சென்னையைவிட நாலைந்து டிகிரி குறைவு. ஆனாலும் அங்கே போனவர்கள் "புழுங்கித் தள்ளுகிறது" என்று சொல்வது இதனால்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆய்வுக்கூட வெப்பமானிகள் இரண்டை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, இரண்டையும் நிழலில் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். ஈரக் குமிழ் குறைந்த வெப்பநிலையைக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதிகமாக இருந்தால் அன்று வியர்வை நன்றாக வேலை செய்யும். வேறுபாடு மிகவும் குறைந்தால் ஊர் சுற்றும் திட்டத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது மாணவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, மே மாத நண்பகலில் கோட்டையையும் கடற்கரையையும் காட்டுவதைக் கல்விச் சுற்றுலா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று மாணவர்களின் நினைவில் நிற்பது தாகமும் தலைவலியுமே. வெப்ப மயக்கம் வந்துவிட்டால் அது உயிருக்கே ஆபத்து.

சராசரி சொல்லாத செய்தி

மழை அட்டவணையைப் பாருங்கள் என்றேன். ஆனால் அதை ஜோதிடமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. சராசரி என்பது பல ஆண்டுகளைக் கூட்டி வகுத்த எண். எந்த ஓர் ஆண்டும் அப்படியே நடந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி மும்பையின் சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 94.4 செ.மீ. மழை பதிவானது. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. மழை விழுந்தால் அது 1 லிட்டர். அப்படியானால் அன்று ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 944 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு டன் தண்ணீர் விழுந்திருக்கிறது. அதே நாளில் சுமார் 20 கி.மீ. தெற்கே உள்ள கொலாபாவில் பதிவானது 7 செ.மீ. அளவே. ஒரே நகரம், ஒரே நாள்!

சென்னையைப் பாருங்கள். நவம்பரில் வழக்கமாக 40 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகப் பெய்யும். 2015 நவம்பரில் 100 செ.மீ.ஐத் தாண்டியது. டிசம்பர் முதல் தேதி மீண்டும் கொட்டியதில் நகரமே மூழ்கியது; விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. அடுத்த ஆண்டு, 2016-இல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் மிக மோசமாகப் பொய்த்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் எதிலும் நடக்காத ஒன்றே விடையாக வரும். புவி சூடேறி வருவதையும் இதனுடன் சேர்த்து எண்ண வேண்டும். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. பெய்யும்போது கொட்டிவிடும் வாய்ப்பு இதனால் அதிகமாகிறது.

ஆகவே ஒரு பயணத்தை இருமுறை திட்டமிட வேண்டும். முதல் முறை, பல மாதங்களுக்கு முன்பே, காலநிலையைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாம் முறை, புறப்படும் வாரத்தில், வானிலையைப் பார்த்து அன்றன்றைய வேலையை முடிவு செய்ய வேண்டும். காலநிலையும் வானிலையும் ஒன்றல்ல. காலநிலை ஒருவரின் குணம் போன்றது. வானிலை அவருடைய இன்றைய மனநிலை. இந்திய வானிலைத் துறை மாவட்ட வாரியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது. சிவப்பு என்றால் வீட்டைவிட்டு அசையக்கூடாது. ஆரஞ்சு என்றால் கடற்கரைத் திட்டத்தை ஒத்தி வைத்து அருங்காட்சியகத்துக்குப் போகலாமா என்று யோசிக்க வேண்டும்.

மும்பைக்கு மழைக்காலத்தில் போகிறவர்கள் இன்னும் ஒன்றையும் பார்க்க வேண்டும். அதுதான் கடலின் ஏற்றவற்றம். நகரின் மழைநீர் வடிகால்கள் கடலில் போய் முடிகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் மிகுந்து, கடல்மட்டம் வடிகால் வாய்க்கு மேலே ஏறிவிடும். அந்த நேரத்தில் பெருமழையும் பெய்தால் தண்ணீர் போக வழியின்றித் தெருவில் நிற்கும். மின்சார ரயில்களும் நின்றுவிடும். ஏற்றம் நான்கரை மீட்டரைத் தாண்டும் நாட்களை மும்பை மாநகராட்சி ஆண்டுதோறும் முன்கூட்டியே அறிவிக்கிறது. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அமாவாசை என்று போட்டிருப்பது, மும்பைப் பயணிக்கு வடிகால் செய்தியும்கூட.

எந்த விடுமுறையில் எங்கே?

நம் பள்ளிகளில் விடுமுறைகள் பெரும்பாலும் நான்கு. அவற்றை மழை அட்டவணையோடு பொருத்திப் பார்ப்போம்.

காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதலில் வருகிறது. மும்பையிலிருந்து தென்மேற்குப் பருவமழை விடைபெறும் சராசரித் தேதி அக்டோபர் 8. எனவே அங்கே மழை குறைந்திருக்கும். ஆனால் ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. அதற்கு முன் பெய்வது பெரும்பாலும் மாலை, இரவு இடிமழை. காலையிலேயே வெளியே போய் நான்கு மணிக்குள் கூரைக்குக் கீழே வந்துவிடுகிறவர்களுக்கு இந்த நாட்களில் சென்னை நன்றாகவே ஒத்துழைக்கும்.

அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. மும்பைக்கு இது பொற்காலம். மழை இல்லை, வானம் தெளிவு, காலையில் இதமான குளிர். சென்னையில் மழை குறைந்துகொண்டிருக்கும். ஆனால் டிசம்பரில் புயல் வருவதும் உண்டு. 2016-இல் வர்தா டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்தது. 2023-இல் மிக்ஜாம் டிசம்பர் முதல் வாரத்தில் நகரை மூழ்கடித்தது. செய்தியைக் கவனித்துப் புறப்பட வேண்டும்.

பொங்கல் விடுமுறை நாலைந்து நாட்கள்தாம். ஆனால் சென்னையைப் பார்க்க இதைவிட நல்ல வாரம் கிடையாது. மழை ஏறத்தாழ ஓய்ந்து, பகல் வெப்பம் 29, 30 டிகிரியில் நிற்கும். பொங்கலுக்கு முன்பு சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில்களில்தான் கூட்டம். தெற்கேயிருந்து சென்னைக்கு வரும் ரயில்களில் அவ்வளவு இராது. திரும்பும்போதும் அப்படியே. வேடந்தாங்கலில் பறவைகளும் அப்போது இருக்கும்.

கோடை விடுமுறைதான் மிக நீளம். ஆனால் இரண்டு நகரங்களுக்கும் மிகவும் பொருந்தாதது. உறவினர் வீட்டில் தங்கி, அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் வெளியே போவதானால் சரி. மே கடைசியில் மும்பைக்குப் போகிறவர்கள் திரும்பும் தேதியைக் கவனிக்க வேண்டும். அங்கே பருவமழை தொடங்கும் சராசரித் தேதி ஜூன் 11.

மழையில் போகவே கூடாதா?

இவ்வளவு சொன்னதும், மழைக்காலம் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றுலா விளம்பரங்கள் மழைக்காலத்தை "சீசன் இல்லாத காலம்" என்று சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. மழையில் பார்த்தால்தான் புரியும் இடங்களும் உண்டு.

மும்பையின் வடபகுதிக் காட்டுக்குள் கன்ஹேரி என்ற குன்று இருக்கிறது. பாறையில் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள் அங்கே உள்ளன. பழங்காலத்தில் பௌத்தத் துறவிகள் ஆண்டு முழுவதும் ஊர் ஊராக நடப்பார்கள்; மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்கிவிடுவது அவர்களுடைய விதி. மழை அட்டவணைப்படி பயணத்தைத் திட்டமிட்ட அந்த மனிதர்கள், தங்கும் இடத்திலும் மழையை வீணாக்கவில்லை. பாறை முகட்டில் விழும் நீரைச் சிறு கால்வாய்கள் வெட்டி, குகைகளின் பக்கத்தில் குடைந்த தொட்டிகளுக்குக் கொண்டு சேர்த்தார்கள். சனவரியில் போனால் அவை பாறையில் உள்ள கோடுகளாகத்தான் தெரியும். மழை நாளில் போனால் அந்தக் கோடுகளில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கலாம். பொறியியல் பாடம் கண்முன்னே நடக்கும். வழுக்கும் பாறையில் எச்சரிக்கை மட்டும் வேண்டும்.

மாறாக, எலிபெண்டா தீவுக்குப் படகில் போக வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் அது உதவாது. வானத்தில் நட்சத்திரம் பார்க்க மழைக்காலம் எந்த நகரத்திலும் பயன்படாது. மும்பையின் நேரு அறிவியல் மையம், இரு நகரங்களிலும் உள்ள கோளரங்கங்கள், சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் ஆகியவற்றுக்கு மழை ஒரு தடையே அல்ல. ஆகவே "இது நல்ல காலமா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "எதைப் பார்ப்பதற்கு?" என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். மழை மாதத்தில் போவதானால் திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விட்டுவையுங்கள். மழை ஒரு நாளைப் பறித்துக்கொண்டாலும் பயணம் கெடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பள்ளிகள் கல்விச் சுற்றுலாவைச் சனவரி, பிப்ரவரி முற்பகுதிக்கு மாற்ற வேண்டும் என்பது என் முடிவு. "தேர்வு நெருங்கும் நேரமாயிற்றே" என்பார்கள். பொதுத் தேர்வு எழுதும் வகுப்புகளுக்கு அது நியாயமான தடை. ஆறு முதல் ஒன்பது வரை உள்ள மாணவர்களுக்கு இரண்டு, மூன்று நாட்கள் பெரிய இழப்பல்ல. "தந்தைக்கு மே மாதத்தில்தான் லீவு" என்பது குடும்பப் பயணத்துக்குப் பொருந்தும். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பொருந்தாது. மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் மாணவர்களிடமே கொடுங்கள். வகுப்பில் வரைபடத் தாளில் அந்த நகரத்தின் பன்னிரண்டு மாத மழையைப் பட்டைகளாக வரையச் சொல்லுங்கள். அதன் மேல் வெப்பநிலையைக் கோடாக வரையச் சொல்லுங்கள். எந்த மாதம் போகலாம் என்று அவர்களே வாதிடட்டும். சுற்றுலா அங்கேயே தொடங்கிவிடும்.

இன்னொரு செய்தியும் அந்தப் பட்டைகளில் இருக்கிறது. மும்பை ஆண்டு முழுவதும் குடிக்கும் தண்ணீர், துளசி, விகார், தான்சா முதலிய ஏழு ஏரிகளில் அந்த நான்கு மாத மழையில் சேர்வது. சென்னையின் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளை நிரப்புவது முக்கியமாக வடகிழக்குப் பருவமழை. 2019 ஜூனில் அந்த நான்கும் ஏறத்தாழ வறண்டுபோயின. ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. வறண்ட காலத்தில் ஒரு நகரத்துக்குப் போகும் விருந்தாளி, அந்த நகரம் மழைக்காலத்தில் சேமித்த தண்ணீரிலிருந்துதான் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். சனவரியில் மும்பை மாமா வீட்டில் நீங்கள் குளிக்கும் ஒரு வாளித் தண்ணீர், பல மாதங்களுக்கு முன்பு யாரோ ஒரு பயணி "சே, மழை கெடுத்துவிட்டதே" என்று சலித்துக்கொண்ட நாளில் விழுந்தது. அதனால் அந்த வாளியை அளவோடு பயன்படுத்துங்கள்.

அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வீட்டில் எழும்போது, பெரியவர்கள் ஊரின் பெயரைச் சொல்லட்டும். நீங்கள் அந்த ஊரின் மழை வரைபடத்தை எடுத்து வையுங்கள். டிக்கெட் வாங்குவது அதற்குப் பிறகு.